பேய்க்கு மருந்து பூசியவர்

கண்டியில் பேயோட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடுக்கடித்தவர்கள், எலுமிச்சம்பழம் வெட்டியவர்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தவர்கள், விடிய விடிய முகமூடி கட்டி ஆடியவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஆனால் பேய்க்குச் சொறி மருந்து கொடுத்து, அதைச் சரியாகப் பூசிக்கொள்ளவில்லை என்று பேயையே திட்டிய மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பூச்சு ஐயா.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டம் ஒன்றில் டிஸ்பென்சராக, அதாவது மருந்து கொடுக்கிற ஐயாவாக இருந்து, ஓய்வு பெற்று டவுனுக்கு வந்தவர். தோட்டத்து ஜனங்கள் அவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிட்டார்களாம். டவுனுக்கு வந்ததும் அந்தப் பட்டம் பறிபோனதில் அவருக்குத் தீராத கோபம். உலகத்திலுள்ள வியாதிகளை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று சொறி, மற்றது சில்லறை வியாதிகள். நெஞ்சு வலிக்கிறது என்று போனவரையும் முதலில் கையை நீட்டச் சொல்லி, விரலிடுக்கைத்தான் விரித்துப் பார்ப்பார்.

மருந்தும் ஒன்றே ஒன்றுதான். பால் போன்ற வெள்ளை மருந்து. அதன் பெயர் பென்ஸைல் பென்ஸோயேட். நாங்கள் வெள்ளை மருந்து என்போம், அவர் மட்டும் முழுப்பெயரையும் மந்திரம் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார். பூ வாசமா மண்ணெண்ணெய் வாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு இனிப்பு வாசம் அதற்கு. கொசு, உண்ணி, தெள்ளு எதுவும் கிட்ட வராது என்று தன் காலுறை விளிம்பிலும் காற்சட்டை அடியிலும் அதைத் தடவிக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். "யுத்த காலத்தில பேராதெனியாவுல இருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் பூரா உடுத்தின காற்சட்டைக்கு நான்தான் தடவினேன். இல்லாட்டி பர்மா காட்டுல அவனுகளப் பூச்சி தின்னிருக்கும்" என்பார். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால், யுத்த காலத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும்.

அவர் போடுவது கான்வஸ் சப்பாத்து. நடக்கும் சத்தமே கேட்காது. கண்டி வாவிக்கு மேலே எங்கள் வீதியில் பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற ஆள் தெரியாது. முதலில் அந்த இனிப்பு வாசம் வரும். பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு தொப்பி வரும். தொப்பிக்குக் கீழே ஆள் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். வந்தவர் சும்மா போக மாட்டார். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்பார். வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது. சில வாரம் போனதும் அந்த வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

அவர் நாக்கு கருநாக்கு என்று ஊரில் பேச்சு. அவர் வாசம் வந்தாலே தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவை அடைப்பார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. பூச்சி தோலுக்குள் புகுந்து வெகுநாள் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். கோவில் வரிசையிலோ பஸ்ஸிலோ யார் சொறிகிறார்கள், அவர்களோடு யார் ஒட்டி நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் நிற்பார், அவ்வளவுதான். ஆனாலும் பனிக்குள் நின்று ஒருவர் "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்டால் யாருக்குத்தான் முதுகு சில்லிடாது?

இன்னொன்றும் உண்டு. வீதியில் பூனையைக் கண்டால் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் வைத்து, தலை குனிந்து நிற்பார். பூனை போனபிறகுதான் நடப்பார். பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பூனைக்கு மரியாதை செய்கிறவரை அப்போதுதான் பார்த்தோம். ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

நான் அப்போது புசல்லாவையிலிருந்து வந்து டவுனில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். பாக்கியம் அக்காவின் வீட்டில் போர்டிங். பழைய காலத்து வீடு, மேலே பலகைச் சீலிங். என்னோடு யாழ்ப்பாணத்துச் சிவம், திகனவிலிருந்து வந்து புடவைக் கடையில் வேலை பார்த்த நிஸாம். அக்காவின் புருஷன் ராமையா அண்ணன் ஹால் சுவரில் படமாக இருந்தார். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அக்காவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தக் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, மலைநாட்டில் ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படிக் கோடு போட்டுப் பிரித்தார்கள். கெடு முடிந்ததும் அண்ணனைத் தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் ஏறிப் போய்விட்டார் என்று அக்கா சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சீலிங்குக்கு மேலே முனி இருந்தது. அதையும் அக்காதான் சொன்னார். ஹால் மூலையில் ஓர் ஏணி, அதற்கு மேலே தள்ளினால் திறக்கும் ஒரு சதுரப் பலகை. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரம் அக்கா ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, பக்கத்தில் ஒரு பீடியும் வைத்து, ஏணியில் ஏறிப் பலகைக்குள் தள்ளிவிட்டு வருவார். முனிக்குச் சுருட்டும் சோறும் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. தோட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை படைத்தால் போதும், டவுன் முனிக்குத் தினமும் பசிக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் தட்டு கழுவி வைத்த மாதிரி வரும்.

முனி சத்தமும் போடும். பனி இறங்கி, வீதி அடங்கி, அக்கா சாம்பிராணி போடுகிற வேளையில் தலைக்கு மேலே சரக், சரக் என்று கேட்கும். கொஞ்சம் நிற்கும். பிறகு நீளமாக ஒரு சரக். நாங்கள் மூன்று பேரும் சோற்றில் கையை வைத்தபடி மேலே பார்ப்போம்.

"உது எலி" என்பார் சிவம், கதிரையை என் பக்கம் நகர்த்திக்கொண்டே.

"எலியா? ஜின் ஈக்குது மேல. எங்க உம்மாட வீட்லயும் இப்பிடித்தான் கேட்ட" என்பான் நிஸாம்.

"எலிதான் ஐசே. நான் படிச்சனான், எனக்குத் தெரியும்."

படித்த சிவம்தான் இரவில் என் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு படுப்பார்.

இப்படியிருக்கையில் ஒரு பின்னேரம் எங்கள் வாசலில் அந்த இனிப்பு வாசம் வந்தது. தொப்பி வந்தது. "இன்னும் தொடங்கலையா?"

தொடங்கியிருந்தது. முதலில் சிவத்துக்கு, பிறகு நிஸாமுக்கு, பிறகு எனக்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. பாயில் படுத்துச் சூடு ஏறியதும் நெருப்பெறும்பு புகுந்த மாதிரி இருக்கும். வெட்கத்தில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தூண் மறைவில் நின்று சொறிந்துகொண்டிருந்தோம்.

"எல்லாரும் வாங்க. ஒரே நேரத்தில பூசணும். ஒரு வீட்டுல ஒரு ஆள விட்டாலும் அத்தனையும் வீண்" என்றார் பூச்சு ஐயா. பையிலிருந்து போத்தலையும், சுவருக்குச் சுண்ணாம்படிக்கிற தூரிகையையும் எடுத்தார். முதல் வேலையாக, அக்காவின் பூனையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். பூனை வாசலைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றினார்.

பிறகு சட்டங்கள் பிறந்தன. "சுடுதண்ணியில குளிச்ச சூட்டோட வராதீங்க, ஒடம்பு ஆறி ஈரம் காயணும். கழுத்துக்குக் கீழதான், மூஞ்சிக்குக் கூடாது. கண்ணுல பட்டா எரிஞ்சு செத்துருவீங்க. வாயில வச்சா வலிப்பு வரும். புண்ணு இருந்தா சொல்லிருங்க. சின்னப் புள்ளைகளுக்குத் தண்ணி கலக்காமப் பூசவே கூடாது. நாளைக்கு வரைக்கும் குளிக்கப்படாது. கை கழுவினா கைக்கு மறுபடி பூசணும். உடுப்பு, போர்வை எல்லாம் கொதிதண்ணியில அவிச்சு வெயில்ல போடணும்."

நாங்கள் சாரத்தை மடித்துக் கட்டி, கையை விரித்தபடி, வெள்ளை வெளேரென்று வரிசையாக ஹாலில் நின்றோம். வெட்டவெளியில் விட்ட சோளக்கொல்லைப் பொம்மைகள் மாதிரி இருந்தோம். அன்று தபால் கொண்டுவந்தவர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாசலிலேயே போட்டு ஓடினார். அக்காவுக்கு ஒரு போத்தலைக் கொடுத்து அறைக்குள் அனுப்பி, கதவுக்கு வெளியே நின்று, "தொப்புளுக்குப் பூசினீங்களா? அக்குளுக்கு?" என்று வீதி கேட்கக் கத்தினார். அக்கா உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

அரிப்பு உடனே போகாது, பூச்சி செத்த பிறகும் சில வாரம் இருக்கும் என்று அவர் சொல்லித்தான் போனார். சிவம் கேட்கவில்லை. கந்தோருக்குப் போகும் முன் தினமும் ஒரு பூச்சுப் பூசி, தோல் பொரித்த அப்பளமாகிவிட்டது. "மருந்து வேற, பவுடர் வேற!" என்று அவரை ஐயா விரட்டி விரட்டித் திட்டினார்.

எங்களுக்குக் குறைந்தது. ஆனால் மறுபடி வந்தது, விரலிடுக்கில் புதுக் கொப்புளங்களோடு. இந்த முறை முதலில் சொறியத் தொடங்கியவர் பாக்கியம் அக்கா. ஐயா வந்து அக்காவின் கையை விரித்துப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. தோட்டம் தோட்டமாகச் சொறியை ஒழித்த மனிதர். அவர் பூசிய வீட்டில் மறுபடி சொறி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"இந்த வீட்டுல இன்னும் ஒரு ஆள் இருக்கு" என்றார்.

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. "யாரும் இல்லங்க ஐயா. நாங்க நாலு பேருதான்."

அப்போது தலைக்கு மேலே கேட்டது. சரக், சரக். கொஞ்சம் நின்றது. பிறகு நீளமாக ஒரு சரக். சாம்பிராணிப் புகை சீலிங்கில் முட்டி நின்றது. சிவம் என் கையைப் பிடித்தார்.

ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டுக்கச்சேரி கேட்பது போலத் தலையை ஆட்டினார்.

"முனிங்க" என்றார் அக்கா.

"எலி" என்றார் சிவம்.

"ஜின்" என்றான் நிஸாம்.

"எலி இப்படிச் சொறியாது" என்றார் ஐயா. "முனியப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இது இடுப்பு. இப்ப சொறியிறது மணிக்கட்டு. இது வந்து ரெண்டு மாசத்துச் சொறி."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அக்கா சுவரில் சாய்ந்துவிட்டார். ஐயா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த ராமையா அண்ணனின் படத்தைப் பார்த்தார். இன்னொரு போத்தலையும் ஒரு சின்னத் தூரிகையையும் எடுத்து ஏணியில் ஏறி, பலகையைத் தள்ளி, உள்ளே வைத்துவிட்டு இறங்கினார். இறங்கியவர் ஹால் நடுவில் நின்று, தலையை அண்ணாந்து, சீலிங்கைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"கழுத்துக்குக் கீழ பூசு! கண்ணுல படாம! அங்க பீடி பத்த வைக்காதே, மருந்து நெருப்புப் பிடிக்கும்! பூசி முடிச்சா போத்தலத் திருப்பிக் குடு!"

பேய்க்கு ஒருவர் சுகாதார வகுப்பு எடுப்பதை நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே சொறிகிற சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பிறகு மேலே ஈரமாக ஏதோ தேய்கிற சத்தம். மெதுவாக, பொறுமையாக, மேலிருந்து கீழாக.

பலகை நகர்ந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை இறங்கியது. முழங்கை வரை வெள்ளை. கையில் காலிப் போத்தல்.

சிவம் "ஐயோ அம்மா!" என்ற ஒரே சொல்லோடு வாசலைத் தாண்டி வீதியில் இறங்கிவிட்டார். நிஸாம் கண்ணை மூடி ஓதத் தொடங்கினான். நான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஐயா மட்டும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஏணியில் இரண்டு படி ஏறி, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரலிடுக்குக்குப் பூசவே இல்ல! என்ன பூசியிருக்க? மறுபடி பூசு!"

"சரிங்க ஐயா" என்றது பேய்.

அக்கா அழத் தொடங்கிவிட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ரயிலில் ஏறிய ராமையா அண்ணன் பாதி வழியில், பொல்கஹவெலயில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தே திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து சீலிங்கில் இருக்கிறார். பகலில் அசைவதில்லை, வீதி அடங்கியபிறகுதான் கை காலை நீட்டுவார். அவருடைய போர்வையை அக்காதான் எடுத்துத் துவைத்து எங்கள் போர்வைகளோடு காயப்போட்டார். "அவர் போயிட்டா நான் யாருக்கு இருப்பேன், தம்பி? எனக்கு இந்த நாடு, அவருக்கு அந்த நாடாம்" என்றார் என்னிடம். பிடிபட்டால் இந்த முறை கையில் விலங்கு போட்டுத்தான் கப்பலில் ஏற்றுவார்கள். பேய்க்குப் பயந்தது எவ்வளவோ நல்லது என்று தோன்றியது.

ஓடிப்போன சிவம் தேத்தண்ணிக் கடையில் போய், முனி தின்கிற சோற்றையும் வெள்ளைக் கையையும் பற்றி நடுங்கி நடுங்கிச் சொல்லிவிட்டார். மறுநாள் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான். பேய்க் கதை வீதி வீதியாகப் போனது. கேட்டவர்கள் எல்லோரும் பயந்தார்கள், பொலிசைத் தவிர. ராமையா வீட்டுச் சீலிங்கில் சோறு தின்கிற பேய் யாராக இருக்கும் என்று அவர்கள் யோசித்துவிட்டார்கள்.

மறு வாரம் இரண்டாவது பூச்சு. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் என்று ஐயா பிடிவாதமாக நின்றார். அக்கா ஜன்னல்களை அடைத்தார், விளக்கு வைக்கவில்லை. ராமையா அண்ணன் இறங்கி வந்தார். வெயில் படாமல் வெளுத்து, தாடியும் முடியும் வளர்ந்து, நிஜமாகவே பேய் மாதிரித்தான் இருந்தார். ஐயா முதலில் அவருடைய தாடியை வழிக்கச் சொன்னார். "சவரம் பண்ண இடத்துல ஒரு சொட்டுப் படப்படாது, எரியும்." பிறகு எங்கள் எல்லோருக்கும் பூசினார். அக்கா தன் பங்கை அறைக்குள் பூசிக்கொண்டு வெளியே வந்தார். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நிஸாம் கடைசி ஆளாகப் பூசிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"பொலிஸ் ஜீப் கீழ நிக்குது! ஏறி வாறாங்க!"

ராமையா அண்ணன் ஏணிக்குப் பாய்ந்தார். ஐயா அவருடைய தோளைப் பிடித்தார்.

"ஏறாதே. மருந்து காயல. ஏணி பூரா வெள்ளைக் கைத்தடம் விழும். அவங்க முதல்ல அங்கதான் பாப்பாங்க."

"அப்ப என்ன செய்ய ஐயா?" என்றார் அண்ணன்.

"வரிசையில நில்லு." திரும்பி அக்காவைக் கேட்டார். "அரிசி மா இருக்கா?"

"இடியப்பத்துக்கு வறுத்தது இருக்குங்க."

"கரைச்சுக் கொண்டாங்க. ஓடுங்க."

படிகளில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஐயா அரிசி மாக் கரைசலை எடுத்து எங்கள் நாலு பேர் முகத்திலும் சுவருக்கு அடிப்பது போல் அடித்தார். அடிக்கும்போதும் வாய் ஓயவில்லை. "மூஞ்சிக்கு மருந்து ஆகாது. மாவுதான். கண்ண மூடு." வாசலில் பொலிஸ் நிற்கும்போதும் சட்டத்தை மீறி ஒரு சொட்டு மருந்தை அவர் எங்கள் முகத்தில் படவிடவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கதவு திறந்தது. பனியும் சார்ஜன்டும் ஒரு கான்ஸ்டபிளும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். இருட்டு ஹாலில் உச்சி முதல் கால் வரை வெள்ளையாக, கையை விரித்தபடி, அசையாமல் நாலு உருவம். சார்ஜன்ட் அப்படியே நின்றுவிட்டார்.

"மே மொனவாத?" என்றார். இதெல்லாம் என்ன என்று கேட்கிறார்.

"ஹொரி" என்றார் ஐயா. சிங்களத்தில் சொறிக்கு அதுதான் பெயர். கான்ஸ்டபிள் இரண்டு அடி பின்னால் போனார். "வாங்க சார், உள்ள வாங்க. ஆனா இந்த வீட்டுக்குள்ள கால் வச்ச எல்லாருக்கும் பூசித்தான் அனுப்புவேன். அது என்னோட ரூல்."

சார்ஜன்ட் லேசுப்பட்டவர் அல்ல. டார்ச்சைக் கொடுத்துக் கான்ஸ்டபிளை ஏணியில் ஏற்றினார். மேலே பாயும் தட்டும் பீடித் துண்டும் கிடந்தன. "ஆள் இல்லை சார், சோத்துத் தட்டு இருக்கு" என்று மேலிருந்து குரல் வந்தது. என் பக்கத்தில் நின்ற ராமையா அண்ணனின் மூச்சு நின்றது.

"முனிக்குப் படையல் சார்" என்றார் அக்கா. "தொட்டவங்கள விடாது."

கான்ஸ்டபிள் ஏணியின் பாதிப் படிகளை விட்டுவிட்டே இறங்கினார்.

சார்ஜன்ட் டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார். சிவம், நிஸாம், நான். பிறகு அண்ணன் முன்னால் நின்றார். அண்ணனின் நெற்றியில் வியர்வை பொடித்து மாவில் ஒரு கோடு விழத் தொடங்கியது. டார்ச் வெளிச்சம் அந்தக் கோட்டோடு கீழே இறங்கியது. அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"விரல விரிடா!" என்று ஒரு அலறல். ஐயாதான். தூரிகையைப் போத்தலில் முக்கி அண்ணனின் கையில் ஓங்கி அடித்தார். வெள்ளைத் துளிகள் சார்ஜன்டின் சட்டை முழுக்கத் தெறித்தன. "எத்தன தடவ சொல்றது, விரலிடுக்க மறக்காதேன்னு! ஐயையோ சார், உங்க மேலயும் பட்டுருச்சா? கண்ணத் தொடாதீங்க. வீட்டுக்குப் போனதும் யூனிபார்ம அவிச்சுருங்க. வீட்டுல நோனாவுக்கும் புள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில பூசணும். ஒரு ஆள விட்டாலும் அத்தனையும் வீண். நான் வரட்டுமா?"

கான்ஸ்டபிள் அதற்குள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சார்ஜன்ட் அண்ணனை இன்னொரு முறை பார்த்தார். அக்காவைப் பார்த்தார். படத்தைக் கதிரையில் வைத்தார். கண்டுகொண்டாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நல்லாப் பூசுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கிப் போனார். ஜீப் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அக்கா ஓடி வந்து ஐயாவின் காலில் விழுந்தார். ஐயா பதறிப் பின்னால் நகர்ந்தார். "தொடாதீங்க, மருந்து அழியும். இப்ப கைக்கு மறுபடி பூசணும்." சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். தூரிகையைப் பைக்குள் போட இரண்டு முறை முயன்றும் அது தவறிக் கீழே விழுந்தது. அப்போதுதான் அவர் எவ்வளவு வயதானவர் என்பது எனக்குத் தெரிந்தது.

அவரை வீதிவரை கொண்டுபோய் விட்டேன். பக்கத்து வீட்டு மதிலில் அக்காவின் பூனை உட்கார்ந்திருந்தது. ஐயா தொப்பியைக் கழற்றினார். அன்றுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"தோட்டத்துல என் சம்சாரம் ஒரு பூனை வளத்தா" என்றார். "அதுக்குச் சொறி. நான் பெரிய டாக்டராச்சே, இந்த மருந்தப் பூசிட்டேன். பூனைக்கு இது விஷம்னு எனக்குத் தெரியாது. நக்கிச்சு, செத்துப் போச்சு. அப்புறம் அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துச்சு, எனக்கு வரல. தலைமன்னார் வரைக்கும் போய் ஏத்திவிட்டேன். கப்பல்ல ஏறும்போது, அந்தப் பூனை இருந்திருந்தா உங்களுக்குத் துணையா இருந்திருக்கும்னு சொன்னா."

தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஒரு வீட்டுல ஒரு ஆள விட்டா அத்தனையும் வீண், தம்பி" என்றார். பனிக்குள் முதலில் ஆள் மறைந்தார், பிறகு தொப்பி. வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

ராமையா அண்ணனுக்கு மறுபடி சொறி வரவில்லை. வருஷங்கள் போய், சட்டம் மாறி, இருப்பவர்கள் இருக்கலாம் என்று சொன்ன நாளில் அவர் பட்டப்பகலில் வாசல் கதவால் வெளியே வந்து வீதியில் நின்று பீடி பற்றவைத்தார். அக்கா அன்று ஊருக்கே சோறு போட்டார். ஐயாவுக்கு ஓர் இலை போட்டு வைத்திருந்தார். அவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிக் காலத்தில் எந்த வீட்டில் கிடந்தார், யார் கவனித்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாமல் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எனக்கும் இப்போது அவர் வயது. வாவிக் கரையில் பூனை எதிரே வந்தால், யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கொஞ்சம் நின்று தலை குனிகிறேன். அவருக்காக மன்னிப்புக் கேட்க வேறு ஆள் இல்லை.